ஏழு பேர் வீடும் ஒரே மீட்டரும்

வாசகர் கேள்வி – நீர்வழங்கல் பொறியாளர் பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் கேப் டவுனில் ரைலண்ட்ஸ் பக்கம், 18 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தில் இருக்கிறோம். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர் மீட்டர். பில் வந்ததும் 18 பங்காகப் பிரித்துக் கட்டுகிறோம். இந்தக் கோடையில் அணைகள் இறங்குவதைப் பார்த்து வளாக நிர்வாகக் குழு வாசலில் ஒரு தாள் ஒட்டியது. குழாய் பிடித்துக் கார் கழுவக் கூடாது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது, குளியல் வாளியில்தான் என்று எழுதியிருந்தது. நாங்கள் அப்படியே நடக்கிறோம். 11ஆம் எண் வீட்டுக்காரர் சனிக்கிழமை தவறாமல் குழாய் பிடித்துக் கார் கழுவுகிறார். கேட்டால், “எல்லாரும்தான் செய்கிறார்கள், குடிசைப் பகுதிகளில் குழாய் இரவு பகலாக ஓடுகிறது, என்னை மட்டும் கேட்கிறீர்களே” என்கிறார். போதாததற்குக் கூட்டத்தில் எழுந்து, ஏழு பேர் இருக்கும் எங்கள் வீடுதான் எல்லாத் தண்ணீரையும் குடிக்கிறது என்றார். என் மாமியார் டர்பன் பக்கத்து டோங்காட்டிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடாமல் அவரால் இருக்க முடியாது. அதையும் யாரோ படம் பிடித்து வளாகத்தின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். தைப்பூசத்துக்கு டர்பனிலிருந்து உறவினர்கள் வேறு வருகிறார்கள். மற்றவர்கள் மதிக்காதபோது நாங்கள் மட்டும் சிக்கனமாக இருந்து என்ன பயன்? 11ஆம் எண் மேல் மாநகராட்சியில் புகார் கொடுக்கலாமா? மாமியாரிடம் நான் எப்படிச் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கோலத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களை அதிகம் சுட்டது அந்தப் படம்தான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. வாசல் தெளிக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? ஒரு செம்பு. கை தாராளமாக இருந்தால் 2 லிட்டர். தோட்டக் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், கால் மணி நேரம் கார் கழுவுகிறவர் 225 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார். உங்கள் மாமியார் அந்தக் கணக்கை எட்டுவதற்கு நூறு நாளுக்கு மேல் தெளிக்க வேண்டும். மாமியாரிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பற்றி இன்னொரு சேதி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குச் சண்டைக்குப் போய்விடாதீர்கள். 18 வீட்டுக்கு ஒரே மீட்டர் இருக்கும் இடத்தில், கண்ணில் படுவது மட்டுமே குற்றமாகிறது. கார் கண்ணில் படும், கோலம் கண்ணில் படும், வேலியோரப் புல் பச்சையாக இருந்தால் அதுவும் படும். மூடிய கதவுக்குப் பின்னால் இருபது நிமிடம் ஷவரில் நிற்பவரை யாரும் படம் பிடித்துப் போட முடியாது. ஆக, “மற்றவர்கள் மதிக்காதபோது” என்று நீங்கள் தொடங்கியிருப்பதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மதிக்கவில்லை என்பது ஒரு சனிக்கிழமைக் காரை வைத்து நீங்கள் செய்துகொண்ட ஊகம். அவர் உங்கள் வீட்டு ஏழு தலைகளை எண்ணி ஓர் ஊகம் செய்துகொண்டார். இரண்டையும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

இந்த ஊகம் ஊர் முழுவதையும் பிடித்து ஆட்டியதை 2018 கோடையில் பார்த்தோம். 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து குளிர்கால மழை பொய்த்தது. கேப் டவுனுக்கு நீர் தரும் ஆறு பெரிய அணைகளில் தீவாட்டர்ஸ்க்ளூஃப் ஒன்றே மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேல் கொள்ளும். அதன் படுகையில் அந்தக் கோடையில் மணல் பறந்தது. உங்கள் மாமியாருக்கும் வரப்போகும் டர்பன் உறவினர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நல்லது. ஏனென்றால் அவர்கள் ஊரில் கோடைதான் மழைக்காலம். டிசம்பரில் புழுக்கம் தாங்கவில்லை என்றால் மாலையில் இடி இடித்துக் கொட்டிவிடும். இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை பெய்ததை வைத்துத்தான் அடுத்த மே வரை காலம் தள்ள வேண்டும். இடையில் தென்கிழக்குக் காற்று வேறு அணையின் மேற்பரப்பை உறிஞ்சிக்கொண்டிருக்கும். டர்பனிலிருந்து வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு அறிவில் ஏறினாலும் உடம்பில் ஏறுவதற்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. “நாளைக்கு மழை வரும்” என்று அவர்களின் தோலே அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்.

கட்டுப்பாடு படிப்படியாக இறுகியது. 2017இன் நடுவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர், பிறகு 87 லிட்டர், 2018 பிப்ரவரி 1 முதல் 50 லிட்டர். அணைகளின் மொத்த இருப்பு 13.5 விழுக்காட்டுக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிடுவோம், ஆளுக்கு 25 லிட்டர் வீதம் சுமார் 200 விநியோக இடங்களில் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். ‘டே ஸீரோ’ என்று உலகமெல்லாம் பேசப்பட்டது அந்த நாள்தான்.

அந்த ஜனவரியில், அன்றைய மேயர் பாட்ரீசியா டி லில், நகரவாசிகளில் 60 விழுக்காட்டினர் 87 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார்கள், அக்கறையே இல்லை என்று கடிந்துகொண்டார். கோபம் புரிகிறது. ஆனால் ஒரு பொறியாளனாக அந்த வாக்கியம் எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. பத்துக்கு ஆறு பேர் மதிக்கவில்லை என்று கேட்ட மாத்திரத்தில், அதுவரை வாளியில் குளித்துக்கொண்டிருந்தவருக்கு, நாம்தான் ஏமாளியோ என்று தோன்றும். மதிக்காதவருக்கோ துணைக்கு ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள். உங்கள் 11ஆம் எண்காரர் சொல்லும் “எல்லாரும்தான்” என்பதற்கு நகரத்தின் முத்திரையே குத்திக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

உண்மை நிலவரம் வேறு. மூன்று ஆண்டுக்கு முந்தைய கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் குடித்த ஊர், அந்த ஜனவரியில் ஏறத்தாழ அதில் பாதிக்கு வந்திருந்தது. அடுத்த சில வாரங்களில் 50 கோடியை ஒட்டி இறங்கியது. இலக்கைத் தொடாதவர்களில் பெரும்பாலோர்கூடத் தம் பழைய செலவை வெட்டியிருந்தால்தான் இது நடந்திருக்க முடியும். மார்ச்சில், இந்த ஆண்டு குழாய்களை மூட வேண்டியிராது என்றார்கள். ஊர் கீழ்ப்படியவில்லை என்ற பேச்சு, ஊர் கீழ்ப்படிந்துகொண்டிருந்தபோதே நடந்தது.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் குறைவு முழுவதும் மக்களின் நல்ல மனத்தால் வந்ததில்லை. குழாய்களில் அழுத்தத்தைக் குறைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் நீங்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் ஷவரில் குறைவாகத்தான் வரும், தெருவுக்கு அடியில் உடைந்த குழாயிலும் குறைவாகத்தான் ஒழுகும். கட்டணத்தைச் செங்குத்தாக ஏற்றினார்கள். அதிகம் இழுக்கும் வீடுகளில் நாளொன்றுக்கு 350 லிட்டரோடு நின்றுவிடும் கருவியைப் பொருத்தினார்கள். கருவி பொருத்தப்பட்ட வீடுகளில் வசைதான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அதே கருவியை ஏழை வீடுகளில், பாக்கி சேர்ந்த கணக்குகளுக்காகப் பொருத்தி வந்தார்கள், அப்போது எழுந்த எதிர்ப்பு பெரிய வீட்டுக்காரர்கள் காதுக்கு எட்டவில்லை. பிப்ரவரியில் குரூன்லாண்ட் விவசாயிகளின் நீர்ப் பயனாளர் சங்கம் தங்கள் அணையிலிருந்து 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டது. இத்தனையும் சேர்ந்துதான் தாண்டினோம். கீழ்ப்படிதல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் பயம் இருக்கிறது, பில் இருக்கிறது, வால்வு இருக்கிறது, மானமும் இருக்கிறது.

மானத்தைத் தொட்ட முயற்சிகள் சுவையானவை. 2017இல் அதிகம் செலவழிக்கும் வீடுகள் இருக்கும் தெருக்களின் பெயரை மாநகராட்சி வெளியிட்டது. அடுத்த ஆண்டு வேறு வழியில் போனார்கள். இணையத்தில் ஒரு வரைபடம், குறைவாகச் செலவழிக்கும் வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி. மாதம் 6,000 லிட்டருக்குள் இருந்தால் அடர்பச்சை, 10,500 லிட்டருக்குள் இருந்தால் வெளிர்பச்சை. அதிகம் செலவழித்தவருக்குச் சிவப்புப் புள்ளி எதுவும் வைக்கவில்லை. அந்தரங்கத்தில் தலையிடுகிறார்கள் என்று கண்டனம் வந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வரைபடத்தைத் திறந்தவர்கள் பார்த்தது தங்கள் தெருவில் எத்தனை பச்சை என்பதைத்தான். “எல்லாரும்தான் வீணாக்குகிறார்கள்” என்று சொல்ல அங்கே இடமில்லாமல் போயிற்று. உங்கள் வளாகத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு, அதையும் கீழே சொல்கிறேன்.

அறிவுரைத் தாளின் பலத்தை மட்டும் மிகையாக எண்ண வேண்டாம். வறட்சி தொடங்கிய காலத்திலேயே கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 4 லட்சம் வீடுகளின் பில்களோடு விதவிதமான செய்திகளை அனுப்பிப் பார்த்தார்கள். சராசரியில் குறைந்தது ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான். வாசலில் ஒட்டிய தாளுக்கும் அவ்வளவுதான் வலிமை. ஜோகன்னஸ்பர்க்கில் இதற்கு இன்னும் நல்ல சான்று இருக்கிறது. செப்டம்பர் முதல் மார்ச் இறுதி வரை காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே குழாய் பிடித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது என்பது அங்கே வறட்சி இல்லாத ஆண்டிலும் உள்ள நிரந்தர விதி. அந்த ஊரின் லெனேசியா பகுதியில் யாருக்காவது உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒரு விதியா என்பார்கள். தன் வீட்டில் அளக்க முடியாத விதியை மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள். 50 லிட்டர் என்ற எண் வேலை செய்ததற்குக் காரணம், அதை மீட்டரில் பார்த்து மாலையில் கணக்குச் சொல்ல முடிந்தது என்பதே.

குடிசைப் பகுதிகளைப் பற்றிய பேச்சுக்கு ஒரே பதில்தான். நகரத்தின் குடிநீரில் அந்தப் பகுதிகளுக்குப் போவது மொத்தம் 5 விழுக்காட்டுக்குள் என்பது மாநகராட்சியே அந்த வறட்சியில் சொன்ன கணக்கு. பொதுக்குழாயிலிருந்து தலையில் சுமந்து போகிறவர் வீணாக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

இனி உங்கள் வளாகம். முதல் வேலை, இரவு மீட்டர் பார்ப்பது. வாயிலருகே, தரைக்குள் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும் பெரிய மீட்டர்தான் உங்கள் 18 வீட்டுக்கும் பொது. கறுப்பு எண்கள் கிலோலிட்டர், அதாவது 1,000 லிட்டர் கணக்கு. சிவப்பு எண்கள் அதற்குக் கீழே. இரவு 11 மணிக்கு ஒரு முறை, விடியற்காலை 5 மணிக்கு ஒரு முறை கைபேசியில் படம் எடுங்கள். தனியாகப் போகாதீர்கள். நிர்வாகக் குழுவில் ஒருவரையும், முடிந்தால் 11ஆம் எண்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கண்ணால் பார்த்த எண்ணை அவர் மறுக்க முடியாது, நீங்கள் காட்டிய எண்ணை மறுப்பார். அந்த ஆறு மணி நேரத்தில் யாரோ இரண்டொருவர் கழிப்பறைக்கு எழுந்திருப்பார்கள், அதற்கு 100 லிட்டர் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் மீட்டர் ஓடியிருந்தால் எல்லாம் ஒழுக்கு.

எவ்வளவு ஒழுகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பேச்சுக்கு, அந்த இரவில் கூடுதலாக 900 லிட்டர் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 150 லிட்டர், நாளைக்கு 3,600 லிட்டர். ஆளுக்கு 50 லிட்டர் என்ற கணக்கில் 72 பேருக்கான தண்ணீர். 18 வீட்டில் மொத்தம் அத்தனை பேர்தான் இருப்பீர்கள். பழைய வளாகங்களில் இது அபூர்வமான எண் இல்லை. இந்த நிலையில் ஒரு காரையும் ஒரு கோலத்தையும் வைத்துக்கொண்டு நீங்கள் அடித்துக்கொள்வது, ஓட்டைப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு உப்புக் கூடிற்றா குறைந்ததா என்று வாதிடுவதுதான்.

ஒழுக்கு எங்கே என்று பார்க்க வேண்டிய முதல் இடம் கழிப்பறை ஃபிளஷ் தொட்டி. சொட்டும் குழாயைக் காது கண்டுபிடித்துவிடும். ஃபிளஷ் தொட்டியின் ரப்பர் வாஷர் தேய்ந்து, கோப்பையின் பின்சுவரில் சத்தமில்லாமல் வழிவதை யாரும் கவனிப்பதில்லை. நிமிடத்துக்கு ஒரு டம்ளர், 200 மில்லி, வழிந்தால் நாளைக்கு 288 லிட்டர். ஏறக்குறைய ஆறு பேர் பங்கு. கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். உங்கள் சமையலறையில் கேசரிப் பவுடர் இருக்கும். இரவு படுக்கப் போகும் முன் ஒரு சிட்டிகையைத் தொட்டித் தண்ணீரில் போடுங்கள், ஃபிளஷ் செய்யாதீர்கள். அரை மணி கழித்துக் கோப்பையில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. மாற்றும் வாஷரின் விலை சிறிது, வேலையும் அரை மணி நேரம்தான். 18 வீட்டுக்கும் ஒரே சனிக்கிழமையில் ஒரு பிளம்பரை அழைத்துச் செலவைப் பொதுவில் போடுங்கள். 11ஆம் எண்காரருக்கு அந்தச் சனிக்கிழமை கார் கழுவ நேரம் இருக்காது.

எல்லாத் தொட்டியும் சரியாகியும் இரவு மீட்டர் ஓடினால், மீட்டருக்கும் வீடுகளுக்கும் இடையே தரைக்கடியில் போகும் குழாயில் உடைப்பு இருக்கிறது. அது வளாகத்தின் பொறுப்பு, மாநகராட்சி வந்து பார்க்காது. ஈரமான புல்திட்டு, காரணமில்லாமல் பாசி பிடித்த நடைபாதை இருக்கிறதா என்று பாருங்கள். வேலியோரப் புல் பச்சையாக இருப்பதைக் கண்டு ஒருவர் மேல் சந்தேகப்படும் முன் அந்தப் புல்லுக்குக் கீழே குழாய் போகிறதா என்று வரைபடத்தில் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாவது, வீட்டுக்கு ஒரு துணை மீட்டர். செலவு உண்டு, கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், இழுத்தடிப்பார்கள். ஆனாலும் நான் ஆலோசனை சொல்லும் வளாகங்களில் இதைத்தான் வற்புறுத்துகிறேன். பில் 18ஆகப் பிரியும்வரை, ஒருவர் சேமித்த 100 லிட்டரில் அவருக்குத் திரும்புவது ஐந்தரை லிட்டரின் விலை. வீணாக்கிய 100 லிட்டருக்கும் அவர் கட்டுவது அவ்வளவே. நல்லவர்களையும் இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல அலட்சியக்காரர்கள் ஆக்கிவிடும். துணை மீட்டர் வரும்வரை, மேலாண்மை முகவரிடம் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கணக்கில் 18 குடும்பங்கள் என்று பதிவாகியிருக்கிறதா? கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. குடும்பங்களின் எண்ணிக்கை தவறாகப் பதிவாகியிருந்தால், யாரும் வீணாக்காமலே மேல் அடுக்கின் விலையைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டுங்கள். ஞாயிறுதோறும் ஒரே ஓர் எண்: இந்த வாரம் வளாகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர். அதன் பக்கத்தில் போன வாரத்து எண். பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம், ‘சிலர் இன்னும் ஒத்துழைக்கவில்லை’ என்ற வரி கட்டாயம் வேண்டாம். பச்சைப் புள்ளி வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னது இதைத்தான். வீட்டுக்கு எத்தனை என்று போடாமல் ஆளுக்கு எத்தனை என்று போட்டால், ஏழு பேர் வீடு என்ற வசையும் அந்தத் தாளிலேயே அடங்கிவிடும்.

ஏழு பேர் என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2018இல் விதிகள் நாலு பேர் வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. மாதம் 6,000 லிட்டர் என்பது நாலு பேர், 50 லிட்டர், 30 நாள். கூட்டுக் குடும்பங்களும், பின்கட்டில் வாடகைக்கு ஆள் வைத்தவர்களும் பிரமாணப் பத்திரம் கொடுத்து அளவை உயர்த்தக் கேட்க வழி இருந்தது. அது தெரியாமல் அபராதப் பயத்தில் நடுங்கிய குடும்பங்கள் பல. உங்கள் வளாகத் தாளில் ‘வீட்டுக்கு இவ்வளவு’ என்று இருந்தால் இதைச் சுட்டிக்காட்டி ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

ஆளுக்கு 50 வீதம் உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் 350 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். வாளிக் குளியல் ஆளுக்கு 15 லிட்டர், மொத்தம் 105. சமையலும் குடிநீரும் 35. பாத்திரம் 30. துணி இயந்திரம் ஒரு தடவைக்கு 60 லிட்டர் எடுத்தால், வாரம் நாலு தடவை போட்டாலும் நாளுக்கு 35க்குள். வாசல், பூசை, தரை துடைப்பது எல்லாம் சேர்த்து 10. இன்னும் 135 லிட்டர் மீதம். உங்களுடையது 9 லிட்டர் ஃபிளஷ் தொட்டியாக இருந்தால் அது 15 ஃபிளஷ். ஏழு பேருக்கு அது ஆளுக்கு இரண்டுதான், பற்றாது. அங்கேதான் குளித்த தண்ணீர் வேலைக்கு வருகிறது. அகலமான தொட்டிக்குள் நின்று குளித்தால் அந்த 105 லிட்டரில் பாதிக்கு மேல் மிஞ்சும், கழிப்பறைக்கு ஊற்றலாம். ஃபிளஷ் தொட்டிக்குள் ஊற்றாமல் நேரே கோப்பையில் வாளியால் ஊற்றுங்கள், சோப்புத் தண்ணீர் ரப்பரைக் கெடுக்கும். ஒரு நாளுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம், நாறும், கொசு வரும். கறிவேப்பிலை மரத்துக்கு அரிசி கழுவிய நீர் போதும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் சோப்புத் தண்ணீர் கூடாது.

2018இல் இந்த ஊர்ப் பெரிய வீடுகளில் ஷவருக்குக் கீழே வாளியை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு மணி அடிக்கும் கடிகாரம் வாங்கிக் குளித்தார்கள். செம்பும் வாளியும் வைத்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை. இதை அடக்கமாகத்தான் சொல்கிறேன், நம் வீடுகளிலும் பிள்ளைகள் இன்று வாளியை எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது உங்கள் மாமியார். அவர் டோங்காட்டிலிருந்து வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனதும், அதன் பிறகு மாதக்கணக்கில் அந்த ஊர் டேங்கர் லாரிக்குக் காத்திருந்ததும் தெரிந்ததே. அவர் அப்போது அங்கே இருந்திருந்தால், உங்கள் வளாகத்தின் 18 வீட்டிலும் தண்ணீரை எண்ணிச் செலவழித்த அனுபவம் அவரைவிட அதிகமாக இருப்பவர் எவரும் இருக்க மாட்டார்கள். எந்தத் தண்ணீர் எதற்கு, எது இரண்டாம் முறைக்கு உதவும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியைத் தேடாமல், வீட்டுத் தண்ணீர்ப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வாளி அளந்து கொடுப்பவர் பாட்டியாக இருந்தால் உங்களுக்குக் கெட்ட பெயரும் வராது.

11ஆம் எண் மீதான புகார். மாநகராட்சி அப்படிப்பட்ட புகார்களை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரே மீட்டர் உள்ள வளாகத்தில் அபராதமோ நடவடிக்கையோ வந்தால் கணக்கு வளாகத்தின் பெயரில் இருக்கிறது, 18 பங்கில் ஒன்று உங்களுடையது. அதற்கு முன் ஒரு விஷயத்தை நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் பிடிக்கும் குழாய் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? 2018இல் ‘போர் தண்ணீர்’ என்று பலகை மாட்டிவிட்டுப் புல்லைப் பச்சையாக வைத்திருந்தவர்களைப் பார்த்து ஊரே பல்லைக் கடித்தது. சிலர் பலகையை மட்டும் மாட்டினார்கள் என்ற சந்தேகமும் இருந்தது. அந்தத் தண்ணீருக்கும் அப்போது எல்லை வகுத்தார்கள். செவ்வாய், சனி மட்டும், ஒரு மணி நேரம், காலை 9 மணிக்கு முன் அல்லது மாலை 6 மணிக்குப் பின். 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டப்படி நிலத்தடி நீரும் நாட்டின் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர். ‘என் கிணறு, என் தண்ணீர்’ என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டலாம்.

அது மாநகராட்சித் தண்ணீர்தான் என்றால், இரவு மீட்டர் பார்த்து, வாஷர்கள் மாற்றி, ஞாயிற்றுக்கிழமை எண் இரண்டு மூன்று வாரம் ஒட்டிய பிறகு பேசுங்கள். வளாகத்தில் மற்றவர்கள் குறைத்துக்கொண்டிருப்பது தாளில் தெரியும்போது “எல்லாரும்தான்” என்று அவரால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் குழாயைப் பிடித்தால் நிர்வாகக் குழு வளாக விதிப்படி எழுத்தில் எச்சரிக்கட்டும். அது குழுவின் வேலை, கார் கழுவுகிறவரை அடுத்த வீட்டுப் பெண் கண்காணிக்க வேண்டியதில்லை.

தைப்பூச விருந்தாளிகளுக்கு வரும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், வந்த பிறகு குளியலறை வாசலில் நின்று சொல்வது யாருக்கும் நன்றாக இருக்காது. காவடிக்கு முன் வீடு கழுவுவதை ஈரத்துணியால் துடைப்பதாக மாற்றிக்கொள்ளுங்கள், விளக்குகளைப் புளி தேய்த்து ஒரே தாம்பாளத் தண்ணீரில் அலசுங்கள். அபிஷேகத் தண்ணீரைச் செடிக்கு விடலாம், பால் கலந்திருந்தால் அன்றே விட்டுவிட வேண்டும். இரவு மீட்டர் சோதனையைக் காவடிக்கு முந்திய இரவில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று யாரும் தூங்க மாட்டார்கள், எண் தப்பாக வரும். அதற்கு ஒரு வாரம் முன்னதாக எடுத்து, இரண்டு படங்களையும் எனக்கு அனுப்புங்கள். பிளம்பரைக் கழிப்பறைகளுக்கு அழைப்பதா, தரையைத் தோண்ட ஆள் தேடுவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.